நெவெனாவின் கிண்ணம்

ஸ்டுட்கார்ட், 1 மார்ச் 1987

அன்புள்ள விதோசவா அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். ஆஸ்திரிய எல்லையில் பேருந்து நான்கு மணி நேரம் நின்றது. என் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு முழுப் பன்றித் தொடையைக் கம்பளிக்குள் சுற்றி மடியில் கிடத்தியிருந்தார். அதிகாரி வந்தபோது அதை மெல்லத் தட்டிக்கொடுத்தார். குழந்தை தூங்குகிறது என்று நினைத்து அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவின் ஆண்டு நினைவுக்கு வந்தவன், அம்மாவை மருத்துவமனையில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. நீங்கள் வீடு திரும்பிய அதே காலையில் என் பேருந்து கிளம்பியது. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியவில்லை. பரிசோதனையில் என்ன சொன்னார்கள்? வயிற்றுப் புண் என்றுதான் இருக்கும். காரமிளகாய் ஊறுகாயை நிறுத்தச் சொல்.

நீங்கள் இல்லாத மூன்று நாளும் நான் சும்மா இருக்கவில்லை. வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தாயா? இப்போது பனி மூடியிருக்கும், உருகட்டும். ஆறு வரிசை ராஸ்பெர்ரியையும் தரையோடு தரையாக வெட்டிக் கவாத்து செய்துவிட்டேன். முடிவெட்டாத கைதிகளின் அணிவகுப்பு மாதிரி நின்றுகொண்டிருந்தன. இங்கே ஆளுக்கொரு துண்டு நிலம் கொடுக்கும் எங்கள் தோட்டச் சங்கத்தில் பிப்ரவரி வந்தால் எல்லோரும் இப்படித்தான் செய்வோம், ஒரு தண்டு மிச்சம் வைக்காமல். செப்டம்பரில் கொத்துக் கொத்தாகப் பழுக்கும். போன வருடம் சங்கத் தலைவர் க்னாப் என் வரிசையை அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஒரு முறை அசைத்தார். இந்த நாட்டில் அது கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்ததற்குச் சமம்.

அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டு.

உன் தம்பி,
மிலுதின்


ரதோய்னா, 12 மார்ச் 1987

தம்பி மிலுதினுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். எல்லையில் நின்றது, பன்றித் தொடை, ஊறுகாய் எல்லாம் வாசித்தேன். கவாத்துப் பத்தியை மட்டும் விட்டுவிட்டேன். முப்பது வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவள் நான். எந்த நாட்டைப் பற்றி இந்த வருடம் பேசக் கூடாது என்று தெரிந்துகொண்டு, அதை மிதிக்காமல் அடுத்த நாட்டுக்குத் தாண்டிப் போகும் பயிற்சி எனக்கு உண்டு.

நம் ராஸ்பெர்ரி அந்த வருடம் முளைத்த தண்டில் காய்ப்பதில்லை. போன வேனிலில் முளைத்து, ஒரு குளிர்காலத்தை நின்று கடந்த தண்டுதான் ஜூனில் காய்க்கும். காய்த்து முடித்ததும் அது காய்ந்துபோகும், அதைத்தான் வெட்டுவோம். காய்க்கப் போகிற தண்டுகளை நீ வெட்டியிருக்கிறாய். இந்த மண்ணில் பிறந்த ஒருவன் இதைச் செய்தான் என்று ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் கோழிக்கு அடுத்தபடி ராஸ்பெர்ரிதான் எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்திருக்கிறது. இந்த வேனிலில் அது இல்லாத ஒரே வீடு நம்முடையது.

வயிற்றுப் புண் இல்லை. டாக்டர் என்னை நடைவழிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வேனில் வரைக்கும் தாங்குவாங்க டீச்சர்."

"எந்த வேனில்?"

"நீங்க இப்படிக் கேட்டா நான் என்ன சொல்றது? இந்த வேனில்தான்."

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. பேருந்தில் வரும்போது அவளாகவே சொன்னாள்: "நெவெனா கிண்ணத்தக் குடுத்துட்டேன்னா போதும். அதுக்கப்புறம் எப்ப வேணா."

நமக்கு நடுவில் பிறந்த நெவெனா செத்தபோது உனக்கு இரண்டு வயது. அதனால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தொண்டை அடைத்துக் கிடந்த நான்கு நாளும் அவள் ராஸ்பெர்ரிதான் கேட்டாள். அது மே மாதம். அம்மா காடு முழுக்கத் தேடினாள். பூதான் இருந்தது. பூவைக் கொண்டுவந்து காட்டினாள். இலையுதிர்காலத்தில் அந்தக் காட்டுச் செடிகளை வேரோடு பிடுங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் நட்டாள். பிறகு கூட்டுறவுச் சங்கம் கொடுத்த நல்ல ரகம் வந்தது, வரிசை வந்தது, கம்பி வந்தது. ஆனால் அந்தப் பாத்தி யாருடையது என்று அம்மாவுக்குச் சந்தேகம் இருந்ததில்லை. முதலில் பழுப்பது ஒரு கிண்ணம், நெவெனாவின் பேரைச் சொல்லி அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு. அதற்கு முன் இந்த வீட்டில் யார் வாயிலும் ஒரு பழம் படக் கூடாது.

இந்த ஜூனில் அம்மா அந்தக் கிண்ணத்தைக் கேட்பாள். நான் என்ன கொடுப்பது?

விதோசவா


ஸ்டுட்கார்ட், 22 மார்ச் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிரித்தேன். அங்கே பிரித்திருக்கக் கூடாது.

க்னாபிடம் விசாரித்தேன். அவர் சங்கத்தின் கையேட்டை எடுத்துப் பதினான்காம் பக்கத்தைக் காட்டினார். கோடை ரகம் என்று ஒன்று, இலையுதிர்கால ரகம் என்று ஒன்று. "இதில் உனக்கு எது புரியவில்லை?" என்று கேட்டார். எல்லாம் புரிந்தது என்றேன். எங்கள் சங்கத்தில் கோடை ரகத்துக்கு அனுமதி இல்லை, வேலி தாண்டிப் பரவுகிறதாம். இருபது வருடம் ஒரே ரகத்தோடு இருந்தவன் கை வேறு எதைச் செய்யும்?

டாக்டர்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள். பிறகு ஆள் பிழைத்தால் அவர்களுக்குப் பெருமை. இங்கே நல்ல மருத்துவமனை இருக்கிறது. அம்மாவைக் கூட்டிவரலாமா என்று கேட்டு எழுது.

ஒரு கிண்ணம் பழம்தானே, அக்கா. அந்தப் பள்ளத்தாக்கில் குளிர்கிடங்குக் கதவைத் திறந்தால் லாரி லாரியாக நிற்கிறது. பக்கத்து வீட்டு க்ரூனியாவிடம் கேட்டால் ஒரு வாளி கொடுப்பாள். செத்துப்போன குழந்தை ரகம் பார்க்கவா போகிறது?

இந்தக் கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடித்தாலும் நீ வெளிச்சத்தில் பிடித்து வாசித்துவிடுவாய்.

மிலுதின்


ரதோய்னா, 19 ஏப்ரல் 1987, உயிர்ப்பு ஞாயிறு

தம்பி,

அம்மா ஜெர்மனிக்கு வரவில்லை. உன் யோசனையைச் சொன்னதும் கேட்டாள்: "அங்க போய்ச் செத்தா, திரும்பிவரப் பெட்டிக்குத் தனி டிக்கெட்டா?"

எழுந்து நடப்பது நின்றுவிட்டது. ஜன்னல் காற்று படுகிறது என்று சொல்லி அவள் கட்டிலைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். அவள் எதிர்ப்பு சொல்லவில்லை. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இந்த வீட்டில் ஒரு ஸ்டூலை நகர்த்தினாலும் அவள் கருத்துச் சொல்லாமல் இருந்ததில்லை.

பின்னால் புதுத் தண்டுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. பச்சை, கொழுகொழுவென்று. பார்த்தால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கிறது. பூக்காது, அவ்வளவுதான். அம்மா தினம் ஒரு கேள்வி கேட்கிறாள். மொட்டு வந்ததா? வந்தது. கம்பியில் கட்டினாயா? கட்டினேன். ஐம்பது வயதில் பொய் சொல்லக் கற்றுக்கொள்வது நடனம் கற்றுக்கொள்வது போலத்தான். அடி சரியாக வைத்தாலும் பார்ப்பவர்களுக்கு வலிக்கும்.

நோயாளியைப் பார்க்க ஊரே வருகிறது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கரண்டி ராஸ்பெர்ரிப் பாகும் ஒரு டம்ளர் தண்ணீரும் தட்டில் வைத்துக் கொடுத்தாக வேண்டும். பழம் உடையாமல், கரண்டி போட்டுக் கிண்டாமல், சட்டியை மட்டும் ஆட்டி ஆட்டிக் காய்ச்சிய பாகு அது. இந்தப் பக்கத்தில் அம்மா மாதிரி அதைச் செய்ய ஆள் இல்லை. பிப்ரவரியில் அலமாரியில் பதினோரு ஜாடி. இன்று இரண்டு. சிலர் நலம் விசாரித்துவிட்டு மறுநாளும் விசாரிக்க வருகிறார்கள். நேற்று பாதிரியாருக்கு ப்ளம் பாகு வைத்தேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவுக்காகக் கொஞ்சம் நீளமாகவே ஜெபம் செய்தார்.

அந்த இரண்டு ஜாடியும் அம்மாவுக்கு. அது போன வருடத்துப் பழம், கிண்ணம் கொடுத்த பிறகு பறித்தது. அதனால் அவள் சாப்பிடலாம். ஒரு நாளைக்கு ஒரு பழம் சாப்பிடுகிறாள். வேறெதுவும் தங்குவதில்லை.

க்ரூனியாவிடம் கேட்கலாம் என்று எழுதியிருந்தாய். கேட்கிறேன். நீ அடிக்காமல் விட்ட வரிக்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். இன்று பண்டிகை.

விதோசவா


ஸ்டுட்கார்ட், 3 மே 1987

அக்கா,

நீ பதில் சொல்லாதது நல்லது. நானே சொல்கிறேன்.

நெவெனாவை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கிண்ணம்தான். ஐந்து வயதிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு போனது நான். நீ விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டாய். அம்மா என் கையில் கிண்ணத்தைக் கொடுத்து, வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு பிடி கொடுக்கச் சொல்வாள். கொடுப்பேன். எல்லோர் வாயும் சிவப்பாக இருக்கும். என் விரல் மட்டும் சிவப்பு. அதையும் நக்கக் கூடாது. அம்மா என் விரலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஏழு வயதில் ஒரு முறை, ஒரே ஒன்று, கன்னத்துக்குள் ஒதுக்கினேன். மெல்லக்கூட இல்லை. அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய் வாயில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். "அங்க மேல, செத்த பிள்ளைங்க எல்லாரும் வரிசையா கை நீட்டி நிப்பாங்க. அவகிட்ட மட்டும், உன் பங்கை உன் தம்பி தின்னுட்டான்னு சொல்லுவாங்க. கேட்டியா? அவ வாயிலேர்ந்து பிடுங்கித் தின்னுட்ட." நான் அன்றிரவு செத்துப்போனவர்களுக்கும் எனக்கும் சண்டை மூளும் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. அவமானமாக இருந்தது.

அவள் ராஸ்பெர்ரி கேட்டாள் என்பதை நாற்பத்து மூன்று வயதில் உன் கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்கிறேன். இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் நான் அந்தக் கிண்ணத்தை வேறு மாதிரி தூக்கியிருப்பேன்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்ட இதில் எல்லையில் பேருந்து நின்ற மாதிரிப் பகுதி எதுவும் இல்லை. நீயே ஏதாவது எழுதி வாசித்துக்கொள்.

மிலுதின்


ரதோய்னா, 21 ஜூன் 1987

மிலுதின்,

செவ்வாய்க்கிழமை க்ரூனியாவின் மேட்டுக் கொல்லையில் முதல் பழம். விடியும் முன் பறித்து அந்த நீலக் கிண்ணம் நிறையக் கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அவளுக்குக் கண் இருக்கிறது, வேலிக்கு மேலாகத் தெரிகிறது.

அம்மாவிடம் கொண்டுபோனேன். நம் பாத்தியில் பறித்தேன் என்றேன். அவள் ஒரு பழத்தை எடுத்து விரலில் உருட்டினாள். மூக்கருகே கொண்டுபோனாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"க்ரூனியாவுக்கு இந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்கு" என்றாள்.

"அம்மா, இது..."

"நம்ம மண்ணுல இவ்வளவு கறுக்காது விதோசவா. மேட்டு வெயில்ல நின்ன பழம் இது. பிள்ளைங்களக் கூப்பிட்டுக் குடு. அந்தப் புண்ணியம் க்ரூனியா வீட்டுக்குப் போகும். நெவெனாவுக்கு இதுல பங்கு கிடையாது."

"ஒரு கிண்ணம்தானம்மா. யார் பாக்கப்போறா?"

"அதத்தான் எல்லாரும் கேக்குறாங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜாடிகள் தீர்ந்துவிட்டன. பழம் இனி அவள் தொட மாட்டாள். கிண்ணம் போகவில்லை. ஊரெல்லாம் கூடை கூடையாக ராஸ்பெர்ரி குளிர்கிடங்குக்கு இறங்குகிறது. தெருவே புளித்த இனிப்பாக மணக்கிறது. அவள் அந்த வாசனைக்குள் படுத்துக்கொண்டு சர்க்கரைத் தண்ணீர் குடிக்கிறாள். நானும் இந்த வருடம் இன்னும் ஒரு பழம் தின்னவில்லை. பக்தி இல்லை எனக்கு, உனக்குத் தெரியும். கட்சியிலும் கோயிலிலும் ஒரே அளவு நம்பிக்கை வைத்து ஓய்வு பெற்றவள். ஆனாலும் கை போகவில்லை.

இனி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். மார்ச் கடைசியில் பனி உருகியபோது பார்த்தேன். இதுவரை எழுதவில்லை. முதல் மூன்று வரிசையில் தண்டுகள் கண்டபடி வெட்டப்பட்டிருக்கின்றன. சில விரல் உயரம், சில சாண் உயரம். வேலை முடிய வேண்டும் என்று வெட்டியவன் கை. அடுத்த மூன்று வரிசையில் ஒவ்வொரு தண்டும் தரை மட்டத்தில், ஒரே சாய்வில், வழுவழுவென்று. யோசித்து வெட்டியவன் கை. மூன்றாவது வரிசைக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஏழு சிகரெட் துண்டுகள். புகையை விட்டுவிட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தவனே, அங்கே நின்று ஏழு சிகரெட் நேரம் என்ன யோசித்தாய்?

விதோசவா


ஸ்டுட்கார்ட், 30 ஜூன் 1987

அக்கா,

முதல் மூன்று வரிசை தெரியாமல் நடந்த தவறுதான். அதை நம்பு.

மூன்றாவது வரிசையின் கடைசித் தண்டை வெட்டியதும் அது கையில் வந்தது. உள்ளே பச்சை. கணுவில் மொட்டு புடைத்திருந்தது. நம்முடையது பழைய தண்டில் காய்க்கும் என்பது ஞாபகம் வந்துவிட்டது. க்னாபோ கையேடோ தேவைப்படவில்லை. நின்றேன். மூன்று வரிசை மிச்சம் இருந்தது. ஒரு கிண்ணம் என்ன, பத்து ஜாடிக்கும் போதும்.

பிறகு நான்காவது வரிசையை ஆரம்பித்தேன்.

ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், அந்தக் கிண்ணம் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். என்ன ஆகிவிடும் என்று பார்க்க நினைத்தேன். அம்மாவுக்கு வயிற்றுப் புண், இன்னும் பதினைந்து வருடம் கிண்ணம் தூக்குவாள் என்றுதான் நம்பினேன். டாக்டர் உன்னை நடைவழிக்குக் கூப்பிட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று எழுத வருகிறது. அதையும் நிச்சயமாக எழுத முடியவில்லை.

மார்ச் மாதக் கடிதத்தில் பெருமையடித்தது பயத்தில். ஒன்றும் தெரியாதவன் போல முதலில் எழுதிவிட்டால், ஒன்றும் தெரியாதவனாகவே இருந்துவிடலாம் என்று.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி தொழிற்சாலை விடுமுறை. வருகிறேன். இதை அம்மாவுக்கு வாசிக்காமல் தாண்டிப் போ. அதில் உனக்குப் பயிற்சி உண்டு.

மிலுதின்


ரதோய்னா, 12 ஜூலை 1987

தம்பி,

தாண்டிப் போக விடவில்லை. உறையைப் பிரித்ததும் அம்மா சொன்னாள்: "இத முழுசா வாசி. அவன் ரெண்டு பக்கம் எழுதுறான், நீ அரை நிமிஷத்துல முடிக்கிற. எனக்கு எழுத்துப் படிக்கிற கண்ணுதான் போச்சு, காது போகல."

முழுதும் வாசித்தேன். என் குரல் எங்கேயும் நிற்கவில்லை. வகுப்பில் வாசிப்பது போலவே வாசித்தேன். முடித்த பிறகு அம்மா கேட்டாள்.

"தெரிஞ்சே வெட்டினது எத்தனை வரிசை?"

"மூணு."

"அவன் கையில கிண்ணத்தக் குடுத்துக் காவல் நின்னேனே, அது எத்தனை வருஷம்?"

"அஞ்சு வயசுலேர்ந்து. பட்டாளத்துக்குப் போற வரைக்கும்."

"அப்ப மூணு வரிசை கம்மிதான்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். பாத்தியை அவள் பார்த்துவிடுவாள் என்று நான் தயங்கினேன்.

"திருப்புடி. பிப்ரவரியிலயே தெரியும் எனக்கு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தன்னிக்கே பாத்தேன். பனி சமமாக் கெடந்துச்சு. தண்டு நின்னா பனி அப்படிச் சமமா விழுமா?"

"பின்ன ஏம்மா மொட்டு வந்துச்சா, கட்டினியான்னு தினம் கேட்ட?"

"நீ என்ன சொல்றேன்னு கேக்கத்தான். நல்லாச் சொன்ன. ஒருநாள் தேனீ வந்துச்சுன்னுகூடச் சொன்ன. எனக்கே ஆசையா இருந்துச்சு."

இது அவள் உனக்குச் சொல்லச் சொன்னது. வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்: "வருஷா வருஷம் செப்டம்பர்ல அவனுக்குக் காய்க்கும்னு எழுதுவான்ல? அது யார் தோட்டம்? என் புள்ள தோட்டம். அப்ப அது எங்க வீட்டுத் தோட்டம்தான். அவன் குடுக்கட்டும். அங்க யாரும் பக்கத்துல நின்னு அவன் விரலப் பாக்க மாட்டாங்க. அதுவரைக்கும் நெவெனா பொறுத்துக்குவா."

"நீ?" என்று கேட்டேன்.

"நான் போய் அவகூட வரிசையில நிக்கிறேன்."

ஆகஸ்ட் மூன்று என்று எழுதியிருக்கிறாய். முடிந்தால் முன்னால் வா.

விதோசவா


தந்தி, 29 ஜூலை 1987

அம்மா இன்று காலை போய்விட்டாள். வெள்ளி மதியம் அடக்கம். நீ வரும் வரை பெட்டியை மூட மாட்டோம். விதோசவா.


ரதோய்னா, 16 ஆகஸ்ட் 1987

தம்பி,

நீ இருந்த ஒன்பது நாளும் நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தல் போட்டோம், பானை கழுவினோம், யார் அழுதார்கள், யார் அழுவது போல வந்து சாப்பிட்டார்கள் என்று பேசினோம். நமக்கு எழுதத்தான் வருகிறது.

கல்தச்சர் வந்து கல்லறைக் கல்லில் அம்மாவின் கடைசி வருடத்தைப் பொறித்துவிட்டுப் போனார். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் படமும் பேரும் பிறந்த வருடமும் முன்பே தயாராக இருந்ததால் அரை மணி நேர வேலை. போன இலையுதிர்காலம் வரை சனிக்கிழமைகளில் அவளே போய்த் தன் படத்தைத் துடைத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். இப்போது நான் துடைக்கிறேன். அவளுடைய அளவுக்குப் பளபளப்பு வரவில்லை.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை தனியாகப் பின்னால் போய்ப் புதுத் தண்டுகளைக் கம்பியில் கட்டியதைப் பார்த்தேன். ஆறு வரிசையும். முடிச்சு நன்றாக இருக்கிறது. அடுத்த ஜூனில் காய்க்கும்.

அம்மாவின் நாற்பதாம் நாள் நினைவைச் செப்டம்பர் ஐந்தாம் தேதி, சனிக்கிழமை செய்கிறோம். உனக்கு மறுபடி விடுமுறை கிடைக்காது என்பது தெரியும். கிண்ணத்தை அங்கேயே கொடு. சில விஷயம் உனக்கு மறந்திருக்கும். கொடுக்கும்போது பேரைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்கள் நன்றி சொல்லக் கூடாது; "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் வாங்கினால் அது வெறும் பழம். ஜெர்மானியர்களிடம் இதை எப்படிச் சொல்ல வைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. புவியியல் பாடத்தில் இதற்கு வரைபடம் இல்லை.

பழுத்திருக்குமா? அதை மட்டும் எழுது.

விதோசவா


ஸ்டுட்கார்ட், 6 செப்டம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

பழுத்திருந்தது. போன வாரம் முழுக்க மழை, எனக்குப் பயம்தான். வியாழக்கிழமை வெயில் வந்தது. நேற்று காலை பறித்தேன், ஒரு கிண்ணம் சரியாக வந்தது. பறிக்கும்போது யாரும் என் விரலைப் பார்க்கவில்லை. நானே பார்த்துக்கொண்டேன்.

சனிக்கிழமை என்பதால் சங்கத்தில் எல்லோரும் இருந்தார்கள். முதலில் தேமிர் என்ற துருக்கியரிடம் போனேன், ஏழாம் எண் தோட்டம். பேரைச் சொன்னதும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி, அவருடைய மொழியில் ஏதோ சொன்னார். நாம் சொல்வதுதான் என்று குரலிலேயே தெரிந்தது. அவருக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை.

க்னாப் வேறு மாதிரி. சங்க எல்லைக்குள் விளைச்சலை விநியோகிக்க விதி இருக்கிறதா என்று யோசித்தார். நெவெனா, ஸ்தமேனா என்று இரண்டு பேரைச் சொன்னேன். "யார் இவர்கள்?" என்றார். "என் அக்கா. என் அம்மா. அக்காவுக்கு ஐந்து வயது" என்றேன். அவர் கையேடு வைத்திருக்கும் சட்டைப் பையைத் தொட்டார், எடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்ததை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் சொல்லிவிட்டு, மூன்றே பழம் எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் போதுமா என்று எண்ணியிருப்பார்.

கடைசியாக ஹேபர்லே அம்மாள். என் பக்கத்து வேலி, எண்பது வயது. கிண்ணத்தைப் பார்த்ததும் நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தவரைத் தடுத்து, எப்படிச் சொல்ல வேண்டும் என்று சொன்னேன். அவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"யாரை மன்னிக்கணும்?"

அம்மாவை என்று சொல்லியிருக்க வேண்டும், செத்தவர்களுக்காகத்தானே அது. எனக்கு வாயில் வேறொன்று வந்தது.

"செடியை வெட்டினவனை."

அவர் வேலிக்கு மேலாகக் குனிந்து என் வரிசையின் அடியை நன்றாகப் பார்த்தார். பிப்ரவரியில் வெட்டிய கட்டைகள் புதுத் தண்டுகளுக்கு நடுவில் இன்னும் தெரியும்.

"ஏன்? ஒழுங்காத்தானே வெட்டியிருக்கீங்க" என்றார்.

நான் கிண்ணத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டேன். நான் சொல்லப் போவதில்லை என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பழத்தை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த வார்த்தையை மெதுவாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகுதான் சாப்பிட்டார்.

கிண்ணம் காலியாகிவிட்டது. இந்த வருடத்துக்கு அது போய்ச் சேர்ந்தது, அக்கா. செடியில் இன்னும் நிறைய இருக்கிறது. இன்று காலை ஒன்று பறித்துச் சாப்பிட்டேன். கொஞ்சம் புளிப்பு. இனி நீயும் சாப்பிடலாம்.

உன் தம்பி,
மிலுதின்